காகிதமா, ஃபிக்மாவா? பினாங்கிலிருந்து ஓர் ஒப்பீடு

ஊடாட்ட வடிவமைப்பில் முதுகலை படிக்கும் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தத் தேர்வு வரும். மனத்தில் இருக்கும் செயலியை ஆட்களிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். காகிதத்தில் வரைந்து எடுத்துப்போகலாம், அல்லது ஃபிக்மா என்ற திரை வடிவமைப்பு மென்பொருளில் செய்து கைப்பேசியிலேயே தட்டிப் பார்க்கச் சொல்லலாம். ஜார்ஜ் டவுனில் தமிழ் பேசும் முதியவர்கள் கிளினிக்கில் முன்பதிவு செய்வதற்கான செயலி, இதுதான் என் ஆய்வு. இரண்டு வழியிலும் சோதித்துப் பார்த்துவிட்டு, முதல் சுற்றுகளைக் காகிதத்திலேயே முடித்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். வகுப்பில் பெரும்பான்மை எதிர்க்கட்சி.

ஃபிக்மாவின் நன்மைகள் தெரிந்தவைதான். உலாவியிலேயே ஓடும். மாணவர்களுக்கு இலவசம். சூப்பர்வைசர் தன் அறையிலிருந்தே திரையின் மேல் கருத்து எழுதலாம். கோலாலம்பூரில் இருப்பவருக்கு இணைப்பை அனுப்பினால் அவரும் சோதனையில் கலந்துகொள்ளலாம். காகிதத்துக்கு ஏ4 தாள், கத்தரிக்கோல், மார்க்கர், ஒட்டுத்தாள் போதும். ஆகச் செலவை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை. வேகத்தில் முதலில் காகிதம் முந்தும். திரைகள் பெருகப் பெருக, நகலெடுக்கும் வசதியால் ஃபிக்மா எட்டிப்பிடித்துவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: நம்மவர்களின் மரியாதை. லிட்டில் இந்தியா பக்கம் ஓர் ஆன்ட்டியிடம் கைப்பேசியைக் கொடுத்து, மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பயன்படுத்தச் சொன்னால், நிறமும் நிழலும் கொண்ட அந்தத் திரையைப் பார்த்ததும் வரும் பதில் ஒன்றுதான்: "நல்லா இருக்குப்பா. எனக்குத்தான் தெரியல." அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். கோவிட் காலத்தில் மைசெஜாத்ரா என்ற அரசுச் செயலியைத் திறந்து கடைக்குக் கடை கியூஆர் ஸ்கேன் செய்த கைகள்தான் இவை. கைப்பேசியைக் கண்டு தயங்குகிறவர்கள் இல்லை. படித்த பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்ததை எப்படிக் குறை சொல்வது என்றுதான் தயங்குகிறார்கள்.

பென்சில் கோடு போட்ட அட்டையை மேசையில் வைத்தால் அந்தத் தயக்கம் பாதி குறைகிறது. இன்னும் முடியாத வேலை என்று பார்த்தாலே தெரிகிறது அல்லவா. ஒன்பது, ஒன்பதரை, பத்து என்று நேரங்களை அடுக்கிய அட்டையைப் பார்த்து ஒருவர் சிரித்துவிட்டார். "தம்பி, பஸ்ஸு எப்ப வரும்னு பஸ்ஸுக்கே தெரியாது. காலையா மத்தியானமான்னு மட்டும் கேளு." சொல்லிவிட்டு என் பென்சிலை வாங்கி அவரே இரண்டு கட்டம் போட்டார். அடுத்து வந்தவருக்கு அந்த அட்டையைத்தான் காட்டினேன். ஃபிக்மாவில் இதே மாற்றத்துக்கு ஒரு திரையை எடுத்தால் அதனோடு இணைத்த கோடுகளும் போய்விடும். அறைக்குத் திரும்பி, மறுபடி இணைத்து, எல்லாப் பாதையும் ஓடுகிறதா என்று பார்த்து, அடுத்த வாரம்தான் கொண்டுவர முடியும். அதைவிட மோசம், இவ்வளவு உழைத்த கோப்பைக் கலைக்க நமக்கே மனம் வராது. சோதித்தவர் சொன்னது சரியா என்று யோசிப்பதற்குப் பதிலாக, அவருக்குப் புரியவில்லை என்று சமாதானம் தேட ஆரம்பிப்போம்.

சோதனைக்கு நடுவே வடிவமைப்பை மாற்றலாமா என்று ஆய்வுக் குழுவில் யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மைக்ரோசாஃப்ட்டின் விளையாட்டுப் பிரிவு ஆய்வாளர்கள் 2002இல் எழுதிய 'ரைட்' முறை இதைத்தான் செய்கிறது. குறையும் தீர்வும் தெளிவாகத் தெரிந்தால் அடுத்த ஆளுக்கு முன்பே திருத்திவிடு, திருத்தம் வேலை செய்கிறதா என்று அவரிடமே பார். ஒரே வடிவத்தைப் 15 பேரிடம் காட்டுவதைவிட, ஐந்து ஐந்து பேராக மூன்று சுற்று நடத்தி நடுவில் திருத்து என்று 2000இலேயே பயன்பாட்டெளிமை வல்லுநர் யாக்கோப் நீல்சன் சொன்னதும் ஏறக்குறைய இதே திசைதான். ஆனால் எத்தனை வினாடியில் முடித்தார் என்று அளந்து ஒப்பிடுவதுதான் ஆய்வின் நோக்கம் என்றால் காகிதம் உதவாது. அட்டை மாற்றுகிற ஆளின் வேகம்தான் அதில் பதிவாகும்.

அந்த ஆள்தான் காகிதத்தின் பெரிய தொல்லை. 'கம்ப்யூட்டராக' உட்கார்ந்து, தட்டிய இடத்துக்கு ஏற்ற அட்டையை எடுத்து வைக்க ஒரு நண்பர் கூடவே வர வேண்டும். எனக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுச் செலவு. பினாங்கு உணவுக்கடை என்றால் தலைக்கு மேல் காற்றாடி சுழலும், அட்டை பறக்கும். புளூடேக் என்ற ஒட்டும் பசை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஃபிக்மா தெளிவாக வெல்லும் இடம் தமிழ் எழுத்து. கையால் எழுதும்போது எந்த வரியையும் நெருக்கிப் பொத்தானுக்குள் அடக்கிவிடலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில், உண்மையான திரை அளவில் வைத்தால்தான் வரி உடைவதும், எழுத்தைப் பெரிதாக்கினால் பொத்தானே திரையைத் தாண்டுவதும் தெரியும். உருட்டுவது, தட்டச்சு செய்வது போன்றவையும் அப்படியே. அதனால் எந்தத் திரைக்குப் பின் எது என்ற ஓட்டம் நிலைத்த பிறகு நானும் ஃபிக்மாவுக்குத்தான் போனேன். பார்வை மங்கியவர்களிடம் நான் அதிகம் சோதித்ததில்லை. பென்சில் கோட்டைவிட ஒளிரும் திரை அவர்களுக்கு வசதியாக இருக்கலாம். என் வயதுக்காரர்களுக்குக் காகிதம் விளையாட்டாகத் தோன்றவும் வாய்ப்புண்டு.

இன்னொன்று, நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்கும்போது காகிதம் கொஞ்சம் சுலபம். கேமராவை மேலிருந்து மேசையை நோக்கி வைத்தால் கைகளும் அட்டைகளும் மட்டும் பதிவாகும், முகம் வராது. ஒப்புதல் படிவத்தில் அந்த ஒரு வரியைத் தமிழில் படித்துக் காட்டினால் பெரும்பாலானோர் உடனே கையெழுத்துப் போடுகிறார்கள். அட்டைகளை மட்டும் அன்றன்றைக்கே ஸ்கேன் செய்து தேதி போட்டு வைத்துவிடுங்கள். இந்த ஊர் ஈரக்காற்றில் பசை விட்டுவிடும், ஆய்வேட்டின் பின்னிணைப்பில் எது எந்தச் சுற்று என்று அப்புறம் கண்டுபிடிக்க முடியாது.