தொட்டில எலுமிச்சை: விதைக் கன்னா, ஒட்டுக் கன்னா, பதியனா?

தொட்டில எலுமிச்சை, ஆரஞ்சு வளர்க்கணும்னு நெனைக்கிறவங்க பெரும்பாலும் எந்த ரகம்னுதான் யோசிப்பாங்க, ஆனா நான் மூணு விதமாவும் வளர்த்துப் பாத்துட்டேன், கன்னு எப்படி உருவாச்சுங்கறதுதான் அதைவிட முக்கியம்.

மொதல்ல விதை. பழத்துல இருந்து எடுத்த உடனே, காயவிடாம போட்டா நல்லா முளைக்கும். எலுமிச்சையில ஒரே விதையில இருந்து ரெண்டு மூணு முளை வர்றதப் பாக்கலாம், அதுல பெரும்பாலானது தாய் மரத்தோட அச்சு அசல் நகலாவே இருக்கும், அதனால விதைன்னாலே குணம் மாறிடும்னு சொல்றது இங்க முழுசா பொருந்தாது. பம்ப்ளிமாஸ் மட்டும் வேற, அதுல விதைக்கு ஒரே முளைதான், குணமும் மாறும். பிரச்சனை எங்கன்னா காலம். காய்க்க எலுமிச்சைக்கே நாலஞ்சு வருஷம் ஆகலாம், ஆரஞ்சுன்னா ஏழெட்டு வருஷம் கூட போகும். செடி குறிப்பிட்ட அளவு கணு விட்டு வளர்ந்து முதிர்ந்தாதான் பூக்கும், நாமளோ தொட்டிக்கு அடங்கணும்னு நுனிய வெட்டிக்கிட்டே இருக்கோம், முதிர்ச்சிக்குக் கிட்ட வந்த பாகமே போயிடுது! பத்தாததுக்கு முள்ளு வேற நீள நீளமா.

ஒட்டுக் கன்னுல மேல இருக்கற குச்சி ஏற்கனவே காய்ச்ச மரத்தோடது, அதனால ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே பூக்கும். வேர்ப்பகுதி வேற செடி, அதைப் பொறுத்து மரத்தோட உயரத்தைக் கூட அடக்கலாம், ஃப்ளையிங் டிராகன்னு ஒரு குட்டை வேர்ச்செடி இதுக்குப் பேர் போனது. ஆரஞ்சு, மாண்டரின் வேணும்னா கண்ண மூடிட்டு ஒட்டுதான் சொல்வேன். ஆனா ஒட்டுக்குக் கீழ இருந்து வர்ற போத்து மேல ஒரு கண்ணு வெச்சிருக்கணும். என் ஆரஞ்சுல அடியில இருந்து ஒரு தளிர் சரசரன்னு கிளம்புச்சு, செடி தெளிஞ்சிருச்சுன்னு சந்தோஷமா விட்டுட்டேன், ரெண்டு மாசம் கழிச்சு உத்துப் பாத்தா ஒவ்வொரு காம்புலயும் மூணு மூணு இலை, மேல இருந்த ஆரஞ்சுக் கிளை வெளுத்துப் போய் நிக்குது. வேர்ச்செடி சாப்பாட்டை எல்லாம் அதுவே இழுத்துக்கிச்சு. எல்லா வேர்ச்செடிக்கும் இப்படி மூணு இலை இருக்காது, அதனால இலையப் பாக்காதீங்க, எங்க இருந்து கிளம்புதுன்னு பாருங்க, ஒட்டு முடிச்சுக்குக் கீழன்னா பிஞ்சுலயே கிள்ளிடணும். முடிச்சு மண்ணுக்குள்ள புதையவும் கூடாது.

பதியன்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. காய்க்கிற மரத்துல பென்சில் தடிமன் கிளையில ஒரு இஞ்ச் அளவுக்கு பட்டையச் சுத்தி உரிச்சு, ஈரப் பாசி (ஸ்பாக்னம் மாஸ்) வெச்சு பிளாஸ்டிக் கவரால இறுக்கிக் கட்டிட்டா ரெண்டு மாச வாக்குல வெள்ளை வெள்ளையா வேர் கவர் வழியாவே தெரியும், அதுக்குக் கீழ வெட்டி நட வேண்டியதுதான். சீக்கிரமே பூக்கும், வேரும் அதே செடியோடதுங்கறதால அடியில இருந்து எது வந்தாலும் எலுமிச்சைதான். ஆணிவேர் கிடையாது, தரையில பெரிய மரமா நின்னா அது ஒரு குறை, காத்துக்குச் சாயும். தொட்டிக்குள்ள அது ஒரு பொருட்டே இல்ல, மொதல் வருஷம் ஒரு குச்சி ஊனிக் கட்டுங்க, போதும். ஆனா வேர் நோய்க்கு எதிர்ப்பு ஒட்டுல கிடைக்கிற மாதிரி இதுல எதிர்பார்க்க முடியாது, தண்ணி தேங்குற மண்ணா இருந்தா வேர் அழுகிடும்.

எலுமிச்சைன்னா பதியன், ஆரஞ்சுன்னா ஒட்டு, பொறுமை இருந்தா மட்டும் விதை, இதுதான் என் கணக்கு. எதை வெச்சாலும் அடியில ஓட்டை உள்ள தொட்டி, ஆறு மணி நேரமாவது நேர் வெயில், மேல் மண்ணு ரெண்டு இஞ்ச் காஞ்சதும் தண்ணி, இதுல மாத்தம் இல்ல. பதியன், ஒட்டு ரெண்டுலயும் மொத வருஷம் வர்ற பிஞ்ச மனசக் கல்லாக்கிட்டு கிள்ளிடுங்க, வேர் பிடிக்கட்டும்.