ரெடிமேட் கிட்டா, பட்டறையில் செய்த பாகமா? ஆஃப்-ரோடு வண்டியின் சஸ்பென்ஷனை மாற்றுமுன் ஓர் ஒப்பீடு

ஆஃப்-ரோடு வண்டியை மாற்றியமைக்கக் கிளம்புகிறவர் முதலில் கேட்பது "எத்தனை அங்குலம் தூக்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எந்த அளவு டயர் என்பது. சாலிட் ஆக்சில், அதாவது இரு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கெட்டி அச்சு, உள்ள வண்டியில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும், அந்த அச்சில் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியல் இருந்த உயரத்திலேயேதான் இருக்கும். பாறையில் பெரும்பாலும் முதலில் இடிப்பதும் அதுதான். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. 31 அங்குல டயரை 35 ஆக்கினால் 2 அங்குலம் கிடைக்கும், அவ்வளவுதான். லிஃப்ட், அதாவது வண்டியைத் தூக்கும் மாற்றம், செய்வதெல்லாம் அந்தப் பெரிய டயர் உரசாமல் ஏறி இறங்க இடம் கொடுப்பதும், சேசிஸின் (அடிச்சட்டத்தின்) வயிற்றைக் கொஞ்சம் மேலே கொண்டுபோவதும்தான். டயரை முடிவு செய்துகொண்டு அங்கிருந்து பின்னோக்கி வந்தால், கடையில் கிடைக்கும் கிட் போதுமா, பட்டறையில் தனியாகப் பாகம் செய்ய வேண்டுமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பாடி லிஃப்ட், ஸ்பேசர், புது ஸ்பிரிங்

பாடி லிஃப்ட் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைப்பார்கள். சஸ்பென்ஷன் கோணம் எதுவும் மாறாது, சேசிஸும் துளிகூட உயராது. 1 அங்குலம் வைத்து டயருக்கு இடம் தேடிக்கொள்வது சரி. 3 அங்குலம் என்றால் ஸ்டியரிங் தண்டு, ரேடியேட்டர் குழாய், கியர் லீவர் என்று ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே போக வேண்டிவரும்.

ஸ்பேசர்தான் பலரை ஏமாற்றுகிறது. முன்புறம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக அமைந்த காயில்-ஓவர் ஸ்ட்ரட்டின் தலைக்கு மேல் வைக்கும் தடித்த வளையம் அது. ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் பிடித்திருப்பதால், மேலே 1 அங்குலம் வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 2 அங்குலம் ஏறும். மலிவு, அரை நாள் வேலை. ஆனால் ஸ்ட்ரட்டின் நீளம் மாறவில்லை, அதன் ஓட்டம், அதாவது ஏறி இறங்கும் தூரம், முழுவதும் கீழே நகர்ந்திருக்கிறது. சக்கரம் தொங்கும்போது மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் தட்டும், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட் தாங்கக்கூடிய கோணத்தைத் தாண்டும். சக்கரம் மேலே அமுங்கும்போது அதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்குள் ஸ்ட்ரட்டே அடிதட்டிவிடும். தார்ச்சாலையில் ஓட்டும்வரை இது எதுவும் வெளியே தெரியாது. முதல் பெரிய பள்ளத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி புது ஸ்பிரிங். என் ஓட்டு இதற்குத்தான், அதுவும் வண்டி நிரந்தரமாகச் சுமக்கும் எடையைக் கணக்கிட்டு வாங்கினால். இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தாலே முன்பக்கத்தில் 100 கிலோவை நெருங்கிவிடும். அதைப் போடப்போவதில்லை என்றால் கனமான ஸ்பிரிங்கை வாங்கி வண்டியைக் கல்லாக்கிக்கொள்ளத் தேவையில்லை. காயில் ஸ்பிரிங்கில் கம்பியின் விட்டம் சற்றே மாறினாலும் விளைவு பெரிது, ஏனென்றால் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. கம்பி 10 சதவீதம் தடித்தால் ஸ்பிரிங் 46 சதவீதம் விறைக்கும். அதனால்தான் ஒரே வண்டிக்கு ஒரே உயரத்தில் லைட், மீடியம், ஹெவி என்று பிரித்து விற்கிறார்கள். இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்திவிடும். சொந்த அளவில் ஸ்பிரிங் சுற்றித் தரச் சொல்லும் தேவை, வீடுபோல் ஏற்றிக்கொண்டு திரியும் கேம்பர் வண்டிகளுக்குத்தான் வரும்.

இன்டிபென்டன்ட்டோடு வாழ்வதா, சாலிட் ஆக்சிலுக்கு மாறுவதா

செலவும் சண்டையும் அதிகம் இங்கேதான். தயாரிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராக முன் சாலிட் ஆக்சிலைக் கைவிட்டார்கள். அமெரிக்காவில் விற்ற டொயோட்டா நான்கு சக்கர இழுவை பிக்கப் 1986 மாடலில் இன்டிபென்டன்ட் ஆனது. மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் 2018இல் முன்பக்கத்தை மாற்றியது. 2020இல் வந்த புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் நான்கு சக்கரமும் தனித்தனி. ஜீப் ராங்லர், சுசுகி ஜிம்னி, லேண்ட் க்ரூஸர் 70 சீரிஸ் போன்ற சில வண்டிகள் இன்னும் பழைய வழியிலேயே நிற்கின்றன.

இரண்டில் எது மேல் என்பது தரையைப் பொறுத்தது. சாலிட் ஆக்சிலில் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது, அதே ஆக்சில் மறு சக்கரத்தைக் கீழே அழுத்தும். பிடிமானம் விட்டுப்போகாது. டிஃபரென்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கினாலும் மாறாது. இன்டிபென்டன்டில் இரண்டு பக்கமும் சேர்ந்து அமுங்கினால் வயிறு தரையை நோக்கி இறங்கும். பாறை ஏறுவதற்கு சாலிட் ஆக்சில்தான், இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மணலிலும் செம்மண் பாதையிலும் வேகமாகப் போகும்போது கதை மாறிவிடும். அங்கே ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. குழி குழியான பாதையில் சாலிட் ஆக்சில் மொத்தமாகக் குதிக்கும் இடத்தில் இன்டிபென்டன்ட் சக்கரம் தனியாக ஏறி இறங்கிவிட்டுப் போகும்.

இன்டிபென்டன்டை வைத்துக்கொண்டே மேலே போக விரும்பினால் இரண்டு பாதை உண்டு. 4 முதல் 6 அங்குலக் கிட்டுகளில் சிவி கோணத்தைக் காப்பாற்ற டிஃபரென்ஷியலையும் கிராஸ் மெம்பரையும் பிராக்கெட் போட்டுக் கீழே இறக்கிவிடுவார்கள். வண்டி உயரமாகத் தெரியும், ஆனால் வயிற்றின் நடுவே தொங்குவது ஏறக்குறைய பழைய உயரத்திலேயே இருக்கும். பார்வைக்குக் கிடைக்கும் அளவுக்குப் பாதைக்குக் கிடைக்காது. எனக்கு இந்தக் கிட்டுகள்மேல் பெரிய மதிப்பில்லை. மற்றது லாங் டிராவல்: ஆர்மையும் ஆக்சில் ஷாஃப்டையும் நீட்டி, சக்கரத்தைப் பக்கத்துக்கு 2, 3 அங்குலம் வெளியே தள்ளுவது. உயரத்தை அதிகம் கூட்டாமல் ஓட்டத்தைக் கூட்டும். பாலைவனத்து வேகத்துக்கு இதுதான் முறையான வழி. மட்கார்டை அகலப்படுத்த வேண்டும், குறுகலான காட்டுப்பாதையில் அந்த அகலம் இடைஞ்சல் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

சாலிட் ஆக்சிலுக்கு மாற்றுவது என்றால் அது முழுக்க பட்டறை வேலை. டானா 44, டானா 60 போன்ற ஆக்சிலைத் தேடிப்பிடிப்பது அதில் சுலபமான பகுதி. சேசிஸிலிருந்து பழைய பிராக்கெட்டுகளை வெட்டி எடுத்து, புது மவுன்ட் பற்றவைத்து, ஸ்டியரிங்கை மாற்றி, பிரேக்கை ஒத்துப்போகச் செய்து, இன்ஜின் சம்ப்பில் ஆக்சில் இடிக்காமல் பார்த்து... சரி, செய்யலாம். நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாரநாளில் அலுவலகத்துக்கும் அதே வண்டி என்றால் யோசிக்காமல் வேண்டாம் என்பேன். ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் போன்ற மின்னணு உதவிகள் பழைய அமைப்புக்காகக் கணக்கிடப்பட்டவை. பதிவும் காப்பீடும் இதை ஏற்குமா என்பதை வெட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுவது நல்லது.

பின்பக்கம்: லீஃப் ஸ்பிரிங்கும் காயிலும்

லீஃப் ஸ்பிரிங் ஒரே நேரத்தில் ஸ்பிரிங்காகவும், ஆக்சிலை இடத்தில் பிடிக்கும் கையாகவும் வேலை செய்கிறது. பாகங்கள் குறைவு, பாரம் தாங்கும், நடுவழியில் ஒரு பட்டை உடைந்தாலும் கட்டிக்கட்டி வீடு வந்து சேரலாம். குறை என்னவென்றால் பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் உராய்வு, சின்னக் குலுக்கலை அப்படியே இருக்கைக்கு அனுப்பும். ஆக்சிலைத் திருப்பும் விசையில் பட்டை எஸ் வடிவில் முறுக்கிக்கொள்வது இன்னொன்று. லீஃபுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்கினால் இந்த முறுக்கல் இன்னும் கூடும். முன் ஆக்சிலில் அப்படிக் கட்டை வைக்கவே கூடாது. லீஃபின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டுவது இன்னொரு மலிவு வழி, 2 அங்குலம் நீட்டினால் 1 அங்குலம்தான் ஏறும்.

காயில் ஸ்பிரிங்கில் சவாரி மென்மை, ஓட்டமும் அதிகம். ஆனால் காயில் ஆக்சிலைப் பிடித்து நிறுத்தாது. அந்த வேலைக்கு ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் கம்பிகளான லிங்குகள் வேண்டும். ஃபோர்டு எஃப்-150 ராப்டர் 2010 மாடலிலிருந்து பின்பக்கம் லீஃபில்தான் ஓடியது, 2021 மாடலில் ஐந்து லிங்கும் காயிலுமாக மாறியது. தொழிற்சாலை அதைச் செய்வது வேறு, நாம் செய்வது வேறு. பாரம் ஏற்றும் பிக்கப் என்றால் நல்ல லீஃப் செட் ஒன்றைப் புதிதாகப் போட்டு, அதற்குத் தகுந்த ஷாக் பொருத்திக்கொள்வதே போதும்.

குலுக்கலை அடக்கும் ஷாக் பற்றி ஒன்று: மோனோட்யூப் ஷாக்கில் நைட்ரஜனும் எண்ணெயும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரிந்திருக்கும், நுரைக்காது, சூடும் சீக்கிரம் வெளியேறும். தனி ரிசர்வாயர் வைத்தால் எண்ணெய் அதிகம், மணிக்கணக்கில் குலுங்கினாலும் சோர்ந்துபோகாது. ஆனால் அதன் உடலில் ஒரு கல் பட்டுக் குழி விழுந்தால் பிஸ்டன் அங்கேயே சிக்கும். ட்வின்-ட்யூபில் வெளிக்குழாய் அடியை வாங்கிக்கொள்ளும். மெதுவாகப் பாறை ஏறுகிறவருக்கு விலை குறைந்த ட்வின்-ட்யூப் ஒன்றும் மோசமில்லை.

லிங்க் ஆர்ம்: கடைச் சரக்கும் கைச் சரக்கும்

காயிலும் சாலிட் ஆக்சிலும் உள்ள வண்டியைத் தூக்கும்போது ஆர்ம்கள் சாய்கின்றன. அதனால் மூன்று சங்கதிகள் கெடும். கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்ப மறுக்கும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பன்ஹார்ட் ராட், அதை ஒரு பக்கமாக இழுத்துவிடும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி அதிர்வு வரும். 2 அங்குலம் வரை கேஸ்டர் புஷ், நீளம் மாற்றக்கூடிய பன்ஹார்ட் ராட், நீண்ட பிரேக் ஹோஸ் என்று கிட்டிலேயே தீர்வு கிடைத்துவிடும். இந்த எல்லைக்குள் பட்டறையில் தனியாக ஆர்ம் செய்வது, உண்மையைச் சொன்னால், காட்டிக்கொள்ளத்தான். கடையில் வாங்கியதற்குப் பாக எண் உண்டு. வளைந்தால் அதே அளவில் இன்னொன்று வரும். கைவேலைக்கு அந்த வசதி இல்லை.

4 அங்குலத்துக்கு மேல், அல்லது ஆக்சிலையே முன்னும் பின்னும் நகர்த்தும்போது கைவேலைக்கு நியாயம் பிறக்கிறது. குட்டையான ஆர்ம் செங்குத்தாகச் சாய்ந்தால் ஒவ்வொரு மேட்டிலும் ஆக்சில் முன்பின்னாக இழுபடும். நீளமான ஆர்ம் அந்தச் சாய்வைக் குறைக்கும், ஆனால் சேசிஸில் அதற்கு மவுன்டே இருக்காது. இங்கே வடிவமைப்பு வேண்டும். பின்பக்கம் நான்கு லிங்கில் மேல் ஜோடியை முக்கோணமாக வைத்தால் பன்ஹார்ட் ராட் தேவையில்லை. முன்பக்கம் மூன்று லிங்கும் பன்ஹார்டும் வைப்பதே வழக்கம், ஏனென்றால் ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்கும் பன்ஹார்டும் ஒரே கோணத்தில், கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் இருந்தால்தான் மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. ஆக்சிலில் மேல் லிங்குக்கும் கீழ் லிங்குக்கும் உள்ள உயர இடைவெளி டயர் உயரத்தில் கால்பங்கு என்பது பட்டறைகளில் புழங்கும் தோராயக் கணக்கு. 35 அங்குல டயருக்கு 9 அங்குலம் என்று ஆரம்பிக்கலாம்.

நல்ல பட்டறையை எப்படி அடையாளம் காண்பது? முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்க்கிறார்களா, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஆக்சிலை ஜாக்கியால் முழுதாக ஏற்றி, முழுதாக இறக்கி, ஒரு பக்கம் மட்டும் தூக்கி, எங்கே இடிக்கிறது என்று பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். பாதி ஒட்டுப் போட்டு நிறுத்தி இந்தச் சோதனையைச் செய்த பிறகுதான் முழு வெல்டிங். இப்போது ஸ்கேன் செய்து கணினியில் வரைந்து லேசரில் வெட்டிய தகடுகளும் கிடைக்கின்றன. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி வெட்டியிருந்தால் கோணம் தவறாது, வரைபடத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் உடைந்த பாகத்தை மறுபடி வெட்டியும் வாங்கலாம். கைவேலையின் பெரிய குறையை இது பாதிக்குமேல் தீர்த்துவிடுகிறது. அதனால் பாகத்தோடு வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள்.

"குரோம்மோலியில் செய்தது" என்று கூடுதலாகப் பணம் கேட்பார்கள். குரோம்மோலி எனப்படும் 4130 கலப்பு எஃகு, சாதாரண எஃகைவிட அதிக விசை தாங்கும், உண்மைதான். ஆனால் மீளும் எல்லைக்குள் இரண்டும் ஒரே அளவுதான் வளையும். பாறையில் உரசும் கீழ் லிங்குக்கு 2 அங்குல விட்டமும் கால் அங்குலச் சுவரும் கொண்ட டிஓஎம் குழாய் (உள்ளே தண்டு வைத்து இழுத்துச் சீராக்கிய எஃகுக் குழாய்) தாராளம். எடையைக் குறைத்தே ஆக வேண்டிய பந்தய வண்டிக்கும், வெல்டிங் நுணுக்கம் தெரிந்த கைக்கும் குரோம்மோலி.

முனையில் என்ன

லிங்கின் முனையில் ரப்பர் புஷ், பாலியூரித்தேன், உருண்டை மூட்டான ராட் எண்ட் என்று மூன்று தேர்வு. ரப்பர் அமைதியானது, முறுக்குக்கு வளைந்து கொடுக்கும், நீண்ட நாள் உழைக்கும். பாலியூரித்தேன் எண்ணெய்க்கும் தேய்மானத்துக்கும் அசையாது, ஆனால் முறுக்குக்கு வளைந்து கொடுக்க மறுப்பதால் ஆக்சில் சாயும்போது பிடித்துக்கொள்ளும், கிரீஸ் இல்லாவிட்டால் கீச்சிடும். ராட் எண்ட் எந்தப் பக்கமும் தாராளமாகத் திரும்பும், ஆனால் சேறு புகுந்தால் தேய்ந்து லொடலொடக்கும், ஒவ்வொரு சத்தமும் கேபினுக்குள் வரும். தினமும் ஓட்டும் வண்டிக்குச் சேசிஸ் பக்கம் ரப்பரும், ஆக்சில் பக்கம் திருகிச் சரிசெய்யக்கூடிய உருண்டை மூட்டும் என்று கலந்து போடுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

ரப்பர் போட்டால் ஒரு கவனம். அந்த போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கிவிடக் கூடாது. ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், வண்டியை இறக்கியதும் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும். நான்கு சக்கரமும் தரையில் நின்று, வண்டி தன் எடையில் அமர்ந்த பிறகு அடியில் போய் முழு டார்க்கில் முறுக்க வேண்டும். கிட் போட்டாலும் கைவேலை போட்டாலும், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதன் பிறகு அலைன்மென்ட்.