விண்டோஸ் 10 போன பிறகு எதற்கு மாறலாம்?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் இன்னும் அதுதான் ஓடுகிறது. கணினியைத் தூக்கிக்கொண்டு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகுமுன் ஒன்றை யோசியுங்கள்: நீங்கள் செய்யும் கோப்பு கடைசியில் யாருடைய கைக்குப் போகிறது?

அச்சகத்துக்குப் போகிறது என்றால் விண்டோஸ் 11தான், வேறு பேச்சில்லை. போட்டோஷொப், இன்டிசைன் எதுவும் இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு வருவதில்லை. டாலி மென்பொருளில் கணக்கு எழுதுபவருக்கும் இதே பதில்தான். ஆனால் கணினி ஏற்க வேண்டுமே! இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டிப் போட்டுத் தருபவர்களும் இருக்கிறார்கள். ஓடும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசொப்ட் பொறுப்பில்லை.

தமிழ்த் தட்டச்சு தனிக் கதை. நம்மவர்களிடம் பாமினி இன்னும் சாகவில்லை. அது எழுத்துரு மட்டுமே என்பதால் எந்த இயங்குதளத்திலும் நிறுவலாம். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கிலத்தில் பல்லிளிக்கும். எதற்கு மாறினாலும் பழைய கோப்புகளை எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றி வைப்பது நல்லது. தமிழ்99 விசைப்பலகை பழகியவருக்கு விண்டோஸ், மேக் இரண்டிலும் அது உள்ளேயே இருக்கிறது. ரெங்கநாதன் விசைப்பலகைக்குப் பழகிய கை என்றால் லினக்ஸில் எம்17என் என்ற தட்டச்சுப் பொதியைப் போட்டால் போதும். இந்த விஷயத்தில் லினக்ஸ் கெட்டிக்காரன்.

பிள்ளைகளின் பாடம், யூடியூப், மின்னஞ்சல், வெளிநாட்டு உறவுகளோடு வீடியோ அழைப்பு, இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் என்பேன். பழைய கணினிக்கு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் ஒன்றும் போட்டுவிட்டால் இன்னும் நன்றாக ஓடும். மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு. காசும் இல்லை, களவு விண்டோஸும் தேவையில்லை. வில்லங்கம் பிரிண்டரில்தான் வரும். கெனன் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர் அதற்கான டிரைவரைத் தேடிப் போட்டு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மின்ட்டில் வேர்டுக்குப் பதிலாக வரும் லிப்ரே ஆபிஸில் செய்த ஆவணமும் வேர்டில் திறக்கும்போது அட்டவணை கொஞ்சம் நகரலாம். சுயவிவரக் கோவை என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

மேக்? வீடியோ எடிட் செய்து சம்பாதிப்பவர் வாங்கட்டும். மலிவு என்று பழைய இன்டெல் மேக் வாங்காதீர்கள். 2025இல் வந்த மேக் இயங்குதளமான டஹோதான் அவற்றுக்குக் கடைசிப் பதிப்பு. ஆப்பிளின் சொந்தச் சில்லான எம்1 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் சரி.

மின்ட் பக்கம் மனம் சாய்ந்தால், பென்ட்ரைவில் ஏற்றி நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். நிறுவுவதென்று முடிவானால் முதலில் படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.