ஓசோன் பதப்படுத்திய கிராஃபீன் வாயு சென்சார்: மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தேன்

‘மேற்பரப்பு பதப்படுத்தப்பட்டது’ என்று பெட்டியில் பார்த்ததும் எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: பதப்படுத்துவதற்கு முன்பு அதன் மேல் என்ன இருந்தது?

காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நானே செம்புத் தகட்டில் கிராஃபீன் (ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாள்) வளர்த்து, பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக் பாலிமரின் துணையோடு சிலிக்கானுக்கு மாற்றி சென்சார் செய்தேன். கரைப்பான் ஆவி பட்டதும் மின்தடை அழகாக நகர்ந்தது. பிறகு ஆர்கானும் ஹைட்ரஜனும் ஓடும் உலையில் 400 டிகிரியில் வைத்துச் சுத்தம் செய்தேன். அந்த நகர்வில் பெரும்பகுதி போய்விட்டது. ஆவியைப் பிடித்து வைத்திருந்தது கழுவியும் போகாத பாலிமர் எச்சம்; கிராஃபீனின் பங்கு கொஞ்சம்தான். இதே விஷயத்தைக் காட்டும் ஆய்வு 2009-லேயே வந்திருந்தது. நான் தாமதமாகப் படித்தேன்.

அதனால் இந்தக் கிட்டில் முதலில் பிடித்தது, ஓசோன் காட்டிய இரண்டு சிப்புகளோடு, சுத்தம் மட்டும் செய்த சிப் ஒன்றையும் வைத்திருப்பது. ஒப்பிட்டுப் பார்க்க வழி கொடுக்கும் தயாரிப்பாளர்மேல் எனக்கு மரியாதை வருகிறது.

உலர்ந்த நைட்ரஜனில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நைட்ரஜன் டை ஆக்சைடு கலந்து விட்டேன். நச்சு வாயு, அதனால் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்கு உள்ளேதான். மூன்று சிப்பிலும் மின்தடை இறங்கியது. அம்மோனியா விட்டபோது ஏறியது. நைட்ரஜன் டை ஆக்சைடு கிராஃபீனிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும், அம்மோனியா கொடுக்கும். இந்தச் சிப்புகளில் மின்சாரத்தைக் கடத்துவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்தான்; பறித்தால் அவை கூடும், கொடுத்தால் குறையும், ஆகவே திசை சரி. ஓசோன் சிப்பின் நகர்வு சுத்தமான சிப்பைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஓசோன் பட்ட இடங்களில் ஆக்சிஜன் தொகுதிகள் உருவாகி, வாயு மூலக்கூறு உட்கார இறுக்கமான இடம் கிடைக்கிறது. அளவு மீறியிருந்தால் கார்பன் வலை சிதைந்து இரைச்சல் கூடியிருக்கும். இவர்கள் அளவோடு நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல கைப்பக்குவம்.

ஆனால் இறுக்கமாக உட்கார்ந்தது எளிதில் எழுந்து போகுமா? வாயுவை நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்தேன். அறை வெப்பநிலையில் ஓசோன் சிப் பாதி வழிகூடத் திரும்பவில்லை. சுத்தமான சிப் அதைவிட முன்னே வந்திருந்தது. 2007-இல் மான்செஸ்டர் குழு ஒற்றை மூலக்கூறு ஒட்டுவதையே கிராஃபீனில் கண்டபோதும், வாயுவை விரட்ட 150 டிகிரி சூடு தேவைப்பட்டது. இந்தச் சிப்பின் அடியிலும் குட்டி ஹீட்டர் உண்டு. அதை 150 டிகிரிக்கு ஏற்றினேன், சில நிமிடங்களில் பேஸ்லைன், அதாவது வாயு படாதபோது இருந்த மின்தடை, வந்துவிட்டது. டின் ஆக்சைடு சென்சார்போல எந்நேரமும் 200 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டியதில்லை என்பதால், இடையிடையே சூடாக்குவது எனக்குச் சம்மதமே. புற ஊதா எல்இடி ஒன்றையும் மேலே பொருத்தியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அந்த ஒளியும் ஒட்டியதைக் கிளப்பிவிடும்.

என் பெரிய வருத்தம் ஈரப்பதம். 60 சதவீத ஈரமுள்ள காற்றை மட்டும் அனுப்பினேன், வாயு எதுவும் இல்லை. ஓசோன் சிப்பின் பேஸ்லைன் 1 பிபிஎம் வாயு வந்ததுபோல நகர்ந்தது. ஆக்சிஜன் தொகுதிகளுக்குத் தண்ணீர் என்றால் தனிப் பிரியம். இதைச் செய்தவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தும் டேட்டாஷீட்டில் உள்ள எல்லா வரைபடமும் உலர்ந்த நைட்ரஜனில் எடுத்தவை. வாங்குபவரிடம் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு வைத்த 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராம், ஏறத்தாழ 13 பிபிபி (1 பிபிஎம் என்பது 1000 பிபிபி). ஈரம் இவ்வளவு நகர்த்தும் சிப்பில் அந்த அளவைத் தெருக்காற்றில் நம்பிப் படிக்க முடியாது.

குழாயில் உலர்ந்த வாயு ஓடும் இடத்தில் கசிவு பார்க்க வேண்டுமென்றால் தயங்காமல் வாங்கலாம். வெளிக்காற்றுக்கு என்றால், பக்கத்திலேயே ஈரப்பத சென்சார் வைத்துத் திருத்தம் செய்யத் தெரிந்தவர்கள் மட்டும் வாங்குங்கள். வாங்கியதும் சுத்தமான சிப்பைத் தனியே எடுத்து நைட்ரஜன் பெட்டியில் வையுங்கள், ஒப்பிட வேறு ஒன்று தனியாக விற்பதில்லை.