கந்தகசாலா அரிசி: மணம் அருமை, பையில் யார் விளைவித்தது என்று இல்லை

வயநாட்டுக் கந்தகசாலா அரிசி வாங்கினேன், சோறு வேகும்போதே வீடு முழுக்க மணக்கிறது. மணி சின்னது, தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் குழைந்துவிடும், அதனால் அளந்து வையுங்கள். நெய்ச்சோறு, பாயசம் இரண்டுக்கும் பிரமாதம். தினமும் சாம்பாருக்கு வேண்டாம்.

விலை பொன்னியைப்போல இரண்டு மடங்கு இருந்தாலும் கொடுக்கலாம். புவிசார் குறியீடு பெற்ற இந்த நெல் உயரமாக வளரும், விளைச்சல் குறைவு, யூரியாவை அள்ளிப் போட்டால் சாய்ந்துவிடும். குறிச்சியர், குறுமர் போன்ற பழங்குடிக் குடும்பங்கள் காத்து வைத்த விதைகளில் இதுவும் ஒன்று. ஐம்பதுக்கு மேற்பட்ட நெல் ரகங்களைக் காப்பாற்றிய செறுவயல் ராமன், 2023இல் பத்மஸ்ரீ வாங்கியவர், குறிச்சியர்தான்.

என் குறை அரிசியில் இல்லை, விற்ற கடையிடம். பை முழுக்க 'விஷமில்லா உணவு, உங்கள் குடும்ப நலனுக்காக' என்று நம் உடம்பைப் பற்றித்தான் பேச்சு. வயலில் இறங்கியவர்கள் உடம்பு?

வயநாட்டில் சொந்த நிலமில்லாமல் கூலிக்குப் போகிறவர்களில் பணியர் என்ற பழங்குடியினர் அதிகம். நெல் வயல்கள் நேந்திரன் வாழைத் தோட்டங்களாக மாறியபோது, கிழங்கு வண்டுக்காக ஃபியூரடான், ஃபோரேட் போன்ற குருணை மருந்தை, பல தோட்டங்களில் கையுறைகூட இல்லாமல், வாழைக்கு வைத்தது இந்த மாதிரி கூலியாட்கள்தான். ஃபியூரடான் நரம்பைத் தாக்கும்: தலைசுற்றல், வாந்தி, எச்சில் ஊறல், அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். கேரளம் 2011இல் இரண்டையும் தடை செய்தது. ஃபோரேட்டுக்கு நாடு முழுவதும் தடை வர 2020 முடிய வேண்டியிருந்தது, இவ்வளவு தாமதம் எப்படிப் பொறுக்கும்?

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை. பணியர் வீட்டுக் குழம்புக்கான நண்டு, சின்ன மீன், கீரை எல்லாம் அந்த நெல் வயலிலும் வரப்பிலும் சும்மா கிடைத்தவை. வயல் வறண்டு வாழை வந்ததும் நண்டும் மீனும் போச்சு, களைக்கொல்லி அடித்த இடத்தில் கீரையும் போச்சு. அப்புறம் தட்டில் வெறும் ரேஷன் அரிசிதான் என்றால் உடம்பில் ரத்தம் எங்கிருந்து ஊறும்?

எந்த ஊர் நெல், யார் விளைவித்தார்கள், கூலி என்ன கொடுத்தார்கள் என்று கடையில் கேட்டேன், பதில் இல்லை. அரிசிக்கு ஐந்து நட்சத்திரம், கடைக்கு இரண்டு. பழங்குடி விவசாயிகளிடமே நேரடியாக வாங்க வழி இருந்தால் அங்கே வாங்குங்கள், இல்லாவிட்டால் நீங்களும் கடையில் இதே கேள்வியைக் கேளுங்கள்.