சாம், மேக்ஸ் மீண்டும் பணியில்: ‘சேவ் த வேர்ல்ட்’ புதுப்பித்த பதிப்பு

அமெரிக்க ஓவியர் ஸ்டீவ் பர்செல் 1987ஆம் ஆண்டு காமிக்ஸ் இதழாக வெளியிட்ட சாமும் மேக்ஸும் அடுத்த பத்தாண்டுகளில் கணினி விளையாட்டிலும் தொலைக்காட்சியிலும் குடியேறிவிட்டனர். கோட்டும் தொப்பியும் அணிந்து, எதையும் சுற்றி வளைத்துப் பேசும் நாய் சாம். உடையே அணியாத, முயலைப் போன்ற ஏதோ ஒரு மூர்க்கப் பிராணி மேக்ஸ். இருவரும் தங்களைத் தனித்தொழில் செய்யும் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு, குற்றவாளிகளைவிட அதிகமாகச் சட்டத்தை மீறுகிறார்கள். 2006 அக்டோபர் முதல் 2007 ஏப்ரல் வரை டெல்டேல் நிறுவனம் ஆறு அத்தியாயங்கள் கொண்ட முதல் பருவமாக வெளியிட்ட விளையாட்டை, ஸ்கங்க்கேப் கேம்ஸ் என்னும் சிறு குழு 2020 டிசம்பரில் புதுப்பித்துத் தந்தது. இந்த மதிப்புரை அந்தப் பதிப்பைப் பற்றியது.

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட இழுபறி உண்டு. இந்த இருவரையும் வைத்து லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ‘ஹிட் த ரோட்’ என்ற கணினி விளையாட்டு, திரையின் அடியில் வினைச்சொற்களை அடுக்கி வைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினாலே பார்த்தல், எடுத்தல், பேசுதல் என்று குறிகள் மாறும்படி செய்தது. அதன் தொடர்ச்சி பாதியில் இருந்தபோது, 2004 மார்ச்சில் அந்நிறுவனமே அதைக் கைவிட்டது. அங்கிருந்து வெளியேறியவர்கள் தொடங்கியதுதான் டெல்டேல். அதுவும் 2018இல் மூடப்பட்ட பிறகு, அங்கு பணியாற்றியவர்கள் சிலர் உரிமத்தைப் பெற்றுத் தங்கள் பழைய வேலையைத் தாங்களே செப்பனிட்டிருக்கிறார்கள். அந்தப் பொறுப்புணர்ச்சி பதிப்பு முழுவதும் தெரிகிறது.

செப்பனிட்டவற்றுள் முதன்மையானது நகைச்சுவையின் வேகம். பழைய பதிப்பில், பதிவிறக்க அளவைக் குறைப்பதற்காகக் குரல்களை மிகவும் சுருக்கியிருந்ததால் அவை தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஒலித்தன. இப்போது தெளிவாகக் கேட்கின்றன. வாயசைவு வசனத்தோடு பொருந்துகிறது. கேமராவின் கோணங்களும் ஒளியும் புதிதாக அமைக்கப்பட்டிருப்பதால், காமிக்ஸில் அடுத்த கட்டத்துக்குக் கண் தாவும் அந்த நொடியில் வெடிக்கும் சிரிப்பு, இங்கேயும் உரிய இடத்தில் வெடிக்கிறது. ஜாரெட் எமர்சன்-ஜான்சனின் ஜாஸ் இசையை ஒருமுறை ஹெட்போனில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த இருவரின் குறும்பு மூன்று ஊடகங்களிலும் ஒன்றுபோல் எடுபடவில்லை என்பது என் கருத்து. 1997-98இல் ஃபாக்ஸ் கிட்ஸில் ஒளிபரப்பான கார்ட்டூன் தொடரை இன்றும் கொண்டாடும் ரசிகர்கள் இருக்கிறார்கள். நானும் அதை விரும்பிப் பார்ப்பவன்தான். ஆயினும் குழந்தைகளுக்காக வன்முறையைத் தணித்ததால், அதில் இவர்களின் கொடுக்கு மழுங்கிவிட்டது. விளையாட்டில் அட்டூழியத்தைச் செய்வது நம் கையே. முதல் அத்தியாயத்தில், கடைக்காரர் பாஸ்கோ ஒரு பொருளுக்குப் பத்தாயிரம் டாலர் கேட்கிறார். (விடையைத் தாமே கண்டுபிடிக்க விரும்புவோர் அடுத்த வாக்கியத்தைத் தவிர்க்கலாம்.) சாலையில் செல்லும் காரின் பின்விளக்கைத் துப்பாக்கியால் சுட்டு உடைத்து, உடனே வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, விளக்கு உடைந்திருப்பதற்காக அபராதம் வசூலித்தால் அந்தப் பணம் கிடைத்துவிடுகிறது! படித்தோ பார்த்தோ சிரிப்பதைவிட, அந்த வழி தமக்கே தோன்றும்போது வரும் சிரிப்பில் சற்றுக் குற்ற உணர்வும் கலந்திருக்கிறது.

அத்தியாயங்கள் ஒரே தரத்தில் இல்லை. தொலைக்காட்சி நிலையத்துக்குள் நுழைந்து குடும்ப நகைச்சுவைத் தொடரிலும் பாட்டுப் போட்டியிலும் பங்கேற்க வேண்டிய இரண்டாம் அத்தியாயமும், வாஷிங்டன் நினைவகத்தின் லிங்கன் சிலை எழுந்து நடமாட, அதை எதிர்த்து மேக்ஸ் அதிபர் தேர்தலில் நிற்கும் நான்காம் அத்தியாயமும் உச்சம். ஐந்தாவதின் இறுதியில் காட்சிகள் அனைத்தும் மறைந்து, எழுத்துகளால் மட்டுமே ஆடும் பழங்கால விளையாட்டாக அது மாறுவதைப் பழைய ஆட்டக்காரர்கள் மிகவும் ரசிப்பார்கள். சூதாட்ட விடுதியில் நடக்கும் மூன்றாவது சோர்வானது. அதே தெரு, அதே அலுவலகம், அதே கடை என்று ஒவ்வொரு முறையும் திரும்பி வருவதைப் புதுப்பித்தலால் மாற்ற முடியவில்லை. பர்செலின் கட்டங்களில் மூலைமுடுக்கெல்லாம் நெரியும் கிறுக்குத்தனங்களோடு ஒப்பிட்டால், அந்தத் தெரு வெறிச்சோடியே கிடக்கிறது.

பாஸ்கோவுக்கு ஓகி பேங்க்ஸ் புதிதாகக் குரல் கொடுத்திருப்பதையும், காலத்துக்கு ஒவ்வாத சில நகைச்சுவை வரிகள் மாற்றப்பட்டிருப்பதையும் பழைய ரசிகர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தனர். புதிய குரல் பாத்திரத்தின் பீதியை நன்றாகவே தாங்குகிறது. மாற்றிய வரிகள் ஆட்டத்தின் போக்கை எங்கும் குலைக்கவில்லை.

தமிழில் வசனவரிகள் கிடையாது. ஆங்கிலத்தில் சொல்விளையாட்டு அதிகம் என்பதால் ஆங்கில வசனவரிகளை இயக்கி வைத்துக்கொள்வது நல்லது. கணினியைவிட நிண்டெண்டோவின் ஸ்விட்ச் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியில் சாய்ந்தபடி ஆடுவது எனக்கு வசதியாக இருந்தது. இரண்டாம் பருவம் 2021இலும் மூன்றாம் பருவம் 2024இலும் இதே குழுவால் புதுப்பிக்கப்பட்டு வந்துவிட்டன. மூன்றையும் சேர்த்து வாங்க அவசரப்பட வேண்டாம். முதல் பருவத்தில் லிங்கன் சிலை எழுந்து நடக்கும்போதும் சிரிப்பு வராதவருக்கு மற்ற இரண்டும் வீண் செலவு.