இருபத்தாறு கிளிகள்: ஒரு ட்ராயிங் சாரின் ஐந்து வருட மைக், கேமரா அனுபவம்

புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் நான். பிள்ளைகளுக்கு ட்ராயிங் சார். 2020 ஜூனில் தொடங்கி வீடியோ, ஆடியோ, புரொஜெக்டர் என்று என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். மற்ற பள்ளி ஆசிரியர்கள் "எந்த மைக் சார் வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எது இன்னும் கையில் இருக்கிறது, எது பரணுக்குப் போனது என்று ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

அந்த வருடம் மார்ச்சில் கொரோனாவால் பள்ளி மூடியதும் மற்ற பாடங்களுக்கெல்லாம் வாட்ஸப் குரூப் வந்தது. ட்ராயிங்கை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் ஆரம்பித்தேன். என் முதல் ஸ்டுடியோ இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றின் மேல் குறுக்கே ஒரு மரச்சட்டம், அதில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய போன். போன் கீழே பார்க்கும், நான் தரையில் உட்கார்ந்து வரைவேன். ஃபேன் போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை சொட்டும். வெளியே மயில் வேறு.

முதல் தொல்லை, வெள்ளைத் தாள் வீடியோவில் சாம்பலாக வந்தது. கை உள்ளே வந்தால் தாள் ஒரு நிறம், கையை எடுத்தால் வேறு நிறம். இரண்டு வாரம் போனைத் திட்டினேன். விஷயம் அதுவல்ல. கேமரா தன் முன்னால் இருப்பதைச் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று கணக்குப் போட்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது. முன்னால் முழுக்க வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இருட்டாக்கிவிடும். கறுத்த கை உள்ளே வந்தால் மறுபடி கூட்டும். திரையில் தாளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் பூட்டு அடையாளம் வரும். பக்கத்தில் இருக்கும் சூரிய அடையாளத்தைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். இது தெரியாமல் எடுத்த முதல் பதினோரு வீடியோவும் மழை மூட்டத்தில் எடுத்த மாதிரி இருக்கும்.

அப்புறம் ரிங் லைட் வாங்கினேன். எல்லாரும் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். முகத்தைக் காட்டிப் பேசுகிறவர்களுக்கு அது சரி. ஈரமான வாட்டர் கலர் மேலும் ஆயில் பேஸ்டல் மேலும் அந்த வட்டம் அப்படியே விழுந்து பளபளக்கும். வரைந்த மாம்பழத்தின் நடுவில் ஒரு வெள்ளை வளையம். மறுவாரமே அதன் அட்டைப்பெட்டிக்குத் திரும்பிப் போய்விட்டது. வடக்குப் பார்த்த ஜன்னலும் காலை ஒன்பது மணி வெளிச்சமும் போதும். வலது கையால் வரைகிறவர் என்றால் ஜன்னல் இடப்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் பாதிப் படத்தில் கை நிழல்தான்.

இப்போது கிளிக் கதை. எட்டாம் வகுப்புக்குக் கிளி வரையப் பன்னிரண்டு நிமிட வீடியோ அனுப்பினேன். இருபத்தாறு பேர் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். இருபத்தாறும் ஒரே கிளி. ஒரே பக்கம் பார்த்தது, ஒரே கிளையில் உட்கார்ந்தது. அதுகூடப் பரவாயில்லை. வரையும்போது பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு வாலுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. இருபத்திரண்டு பேர் அந்தச் சொட்டையும் வரைந்திருந்தார்கள். ஒருத்தன் மட்டும் அதைப் பழமாக்கிக் காம்பு போட்டிருந்தான். அவனுக்குத்தான் 'வெரி குட்'.

வகுப்பில் இப்படி நடக்காது. கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கு போர்டு சரியாகத் தெரியாது, அவன் பாட்டுக்கு ஒரு கிளி வரைந்து வைப்பான். அதில் அவன் வீட்டுக் கோழியின் சாயல் இருக்கும். வீடியோவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, ஒவ்வொரு கோடாகப் பார்க்கலாம். அதுதான் அதன் வசதி, அதுதான் அதன் வம்பும்.

ஆடியோவுக்குப் போனது இதையெல்லாம் யோசித்து அல்ல. டேட்டா பிரச்சினை. அப்போது வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் 16 எம்பிதான் எல்லை, அதற்குள் சுருக்கினால் பென்சில் கோடே காணாமல் போகும். போன் அப்பாவிடம், அப்பா வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வருவார், அதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். பத்து நிமிடம் பேசி அனுப்பினால் இரண்டு எம்பிகூட வராது. சரி, படமே இல்லாமல் படத்தைப் பற்றிப் பேசிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

முதலில் எடுத்துக்கொண்டது சித்தன்னவாசல். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான், ஆனால் அறிவர் கோயிலுக்குள் போய் அண்ணாந்து பார்த்தவர்கள் குறைவு. பாறையைக் குடைந்த சமணக் கோயில், 9-ஆம் நூற்றாண்டு ஓவியம், கூரையில் ஒரு தாமரைக் குளம். குளத்தில் மீன், அன்னம், எருமை, யானை. தாமரை பறிக்கும் மூன்று பேர். ஒருவர் தண்டோடு தூக்கிப் பிடித்திருக்கிறார். இவ்வளவையும் மெதுவாகச் சொல்லிவிட்டு, "இப்போ நோட்டை எடுத்து வரைங்க" என்று முடித்தேன். படம் எதுவும் அனுப்பவில்லை.

அன்று இரவு ஒரு பிள்ளை வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள்: "சார், குளம் கூரையில இருந்தா தண்ணி கீழ கொட்டாதா சார்?" மறுநாள் அவள் அனுப்பிய படத்தில் மேலே குளம், கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், நடுவில் குடை பிடித்துக்கொண்டு ஒரு சாமியார். இன்னொருவன் எருமையை யானையைவிடப் பெரிதாகப் போட்டிருந்தான். கேட்டதற்கு, "நீங்க எருமையத்தானே சார் முதல்ல சொன்னீங்க" என்றான். பதினேழு படம் வந்தது, பதினேழும் வேறு வேறு குளம். கிளிகளுக்குப் பிறகு அதைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஓவிய ஆசிரியர்களுக்குப் புரியும்.

அதிலிருந்து என் முறை மாறிவிட்டது. வீடியோவில் கை வேலை மட்டும்தான். பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது, ஈரத்தாளில் வாஷ், அதாவது நீர்த்த நிறத்தை, எப்படி இறக்குவது, 6பி பென்சிலைப் படுக்க வைத்து எப்படி ஷேடு கொடுப்பது. முடிந்த படத்தைக் காட்டவே மாட்டேன். எதை வரைவது என்பது காது வழியாகத்தான் வரும்.

இதில் ஒரு விதிவிலக்கு. காது கேளாத மாணவி ஒருத்தி ஏழாம் வகுப்பில் இருந்தாள். குரூப்பில் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், அவளுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அவள் அம்மா போன் செய்த பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடியோவுக்கும் பெரிய எழுத்தில் எழுதிய தாள் ஒன்றும் சேர்த்து அனுப்பினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

வாட்ஸப் பேச்சையே ஆங்கர் ஆப்பில் ஏற்றி பாட்காஸ்ட் ஆக்கினேன். காசில்லை, போனிலேயே எல்லாம் முடிந்துவிடும். 2023-ல் அதன் பெயர் ஸ்பாட்டிஃபை ஃபார் பாட்காஸ்டர்ஸ் ஆயிற்று, 2024-ல் ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ். எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதற்குள் பெயர் மாறிவிடுகிறது, மற்றபடி என் அத்தியாயங்கள் பத்திரமாகவே இருக்கின்றன. உண்மையில் மாணவர்கள் அங்கே வந்து கேட்பதில்லை. கேட்பவர்கள் பெரியவர்கள். ஓர் அப்பா, சரக்கு வண்டி ஓட்டுபவர், காவிக்கல்லிலிருந்து சிவப்பு எடுத்த கதையைத் திருச்சி ரோட்டில் கேட்டுக்கொண்டே போனதாகச் சொன்னார். யூடியூபில் ஏற்றலாமா என்றால், குழந்தைகளுக்கான வீடியோ என்று குறித்தால் கருத்துப் பகுதியே இருக்காது, அதனால் அங்கே பதில் எதிர்பார்க்காதீர்கள்.

மைக் விஷயம். போயா எம்1 காலர் மைக், ஆறு மீட்டர் வயர். போன் பக்கம் சுவிட்ச்சைத் தள்ளினால் பேட்டரி தேவையில்லை. வயரைச் சுருட்டி வைக்கத்தான் பொறுமை வேண்டும். புதுப் போனில் ஹெட்போன் மாட்டும் வட்டத் துளை இல்லாததால் டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கினேன்; பாட்டு மட்டும் கேட்கும் வகை அது, மைக்கை எடுத்துக்கொள்ளாது என்று ஓர் அத்தியாயம் முழுக்கப் பேசி முடித்த பிறகுதான் தெரிந்தது. வாங்கும்போது கடையிலேயே பேசிப் பதிவு செய்து பாருங்கள். எதிரொலிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பீரோவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் திட்டு விழும், ஒலி அருமையாக இருக்கும்.

2021 நவம்பரில் சின்ன வகுப்புகளும் திறந்த பிறகு இதெல்லாம் தேவைப்படாது என்று நினைத்தேன். ஆனால் பழைய போனை லேப்டாப்பில் மாட்டி, ஓபிஎஸ் என்ற மென்பொருள் வழியாக புரொஜெக்டரில் என் கையைக் காட்டுவது மட்டும் வகுப்பில் நிலைத்துவிட்டது. முன்பு நாற்பது பேரும் மேசையைச் சுற்றி நெருக்குவார்கள், மை பாட்டில் கவிழும். இப்போது ஈரத்தின் ஓரத்தில் நிறம் மணியாகத் திரண்டு இறங்குவதைக் கடைசி பெஞ்சும் பார்க்கிறது. ஒரு நொடி தாமதமாகத்தான் திரையில் வரும், அதற்கு ஒரு சிரிப்பு. நிறத்தை மட்டும் திரையை நம்பிச் சொல்லித்தராதீர்கள். எங்கள் புரொஜெக்டரில் குங்குமச் சிவப்பு ஆரஞ்சாகத் தெரியும். நிஜத் தாளில் தீட்டிய துண்டை பெஞ்ச் பெஞ்சாகச் சுற்ற விடுகிறேன்.

2022-ல் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனேன். எருமைக்காரனுக்கு ஏமாற்றம், "இவ்வளவு சின்னதா சார்?" என்றான். குடைச் சாமியாரை வரைந்தவள் அண்ணாந்து நெடுநேரம் பார்த்தாள், அப்புறம் குனிந்து தரையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் காலர் மைக் வாங்குங்கள். ஸ்டாண்டுக்கு நாற்காலி இருக்கிறது. ரிங் லைட் கட்டாயம் வேண்டும் என்றால் கேளுங்கள், ஒரு வாரம்தான் எரிந்தது, பெட்டியோடு தருகிறேன்.